கணக்குப்படி மில்லுக்குப் போன இஞ்சின்

யுத்த காலம். மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் கூட்டுக் கிணற்றில் இறைப்பு முறைக்காகச் சண்டை வராத வாரமே இல்லை. எங்கள் வூட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தர்மபுரி வாசகசாலையில் பழக்கமான ஓர் இஞ்சினீயர் சொன்னதை அப்படியே நம்பினேன். முதலாளி ஆண்டால் பொருள் லாபம் இருக்கும் பக்கம் போகும். எந்திரம் அறிந்தவர்கள் ஆண்டால், அளந்து பார்த்துத் தேவை இருக்கும் பக்கம் போகும் என்பார்.

அவர் பேச்சை நம்பித்தான் பங்காளிகள் சேர்ந்து ஆயில் இஞ்சின் வாங்கினார்கள். அவர் சொல்லச் சொல்ல ஒப்பந்தம் எழுதியவன் நான். இஞ்சின் எங்கே, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை விஷயம் தெரிந்தவரே முடிவு செய்வார், பங்குக்காரர்கள் குறுக்கே பேசக் கூடாது. அந்த வரியை உரக்கப் படித்தேன்.

"மழை எப்பப் பெய்யணும்னும் அவரையே எழுதித் தரச் சொல்லேன்" என்றார் பெரியப்பா.

"அவரு தப்பாச் சொன்னா என்ன பண்றது கண்ணு?" என்று கேட்டார் அப்பா.

"கணக்குத் தப்பாதுங்கப்பா."

அந்தப் போகம் தப்பவும் இல்லை. சண்டை நின்றது. அப்பா காளைகளை விற்றார். அவை இழுத்துத் தண்ணீர் இறைத்த தோல் கவலையைப் பிரித்து, அந்தத் தோலில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த கோடையில், மிளகாய் பூவெடுத்த சமயம், ஆட்கள் வந்து ஒப்பந்தத்தைக் காட்டி, இஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரித்துக்கொண்டே போனேன். தர்மபுரியில் ஒரு மண்டிக்காரரின் கடலை மில்லில் அது ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் இஞ்சினீயர். மில் மேனேஜர் இப்போது அவர்தான்.

"இஞ்சினுக்கு ஊத்தற ஆயிலே கிடைக்கல தம்பி. ஒரு டின்னுக்கு உங்க கிணத்தவிட இங்க உற்பத்தி அதிகம். நீயே போட்டுப் பாரு" என்று பென்சிலை நீட்டினார்.

போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"இதுல வர்றது யாருக்குங்க போகுது?"

"அது எந்திரக் கணக்குல வராது."

முதலாளி சிரித்து, எனக்குக் காப்பி சொன்னார். நான் குடிக்கவில்லை. ஆள வருகிறவரை இறக்கி வைக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்று இஞ்சினீயர் எனக்குச் சொல்லித் தரவேயில்லை என்பது திரும்பும் வழியில்தான் உறைத்தது.

தோட்டத்தில் செடிகள் துவண்டிருந்தன.

"என்ன சொன்னாரு?"

"கணக்கு சரிதானாமுங்க."

அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார்.

"சும்மா நிக்காத. படிமேல வந்து குடத்த வாங்கு."

வாங்கி ஊற்றினேன். ஒரு குடம் நாலு செடிக்குக்கூட வரவில்லை.