முருங்கைமரம் மட்டும் தெளிவாக விழுந்த படம்

தங்கை கல்யாணத்துக்காகப் பேட்டையில் ஒருவரிடம் பழைய ஆட்டோஃபோகஸ் கேமராவை மலிவாக வாங்கினேன். "முதல்ல வீட்டுல ஒரு ரோல் எடுத்துப் பாருங்க" என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். வேண்டாவெறுப்பாக அப்பாவையும் அம்மாவையும் வாசலில் நிறுத்தி எடுத்தேன். கூச்சத்தில் இருவரும் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள்.

பிரிண்டைப் பார்த்ததும் பகீரென்றது. முகங்கள் மங்கல், இருவருக்கும் நடுவே பின்னால் தெரிந்த முருங்கைமரம் மட்டும் இலை இலையாகத் தெளிவு. படத்தின் நடுவில் இருப்பதைத்தான் அந்தக் கேமரா குறிவைத்துத் தெளிவாக்குமாம், பிரிண்ட் போட்டவர் சொன்னார். மணமக்களை இப்படி எடுத்திருந்தால்?

மறுபடி நிறுத்தி, "இன்னும் ஒட்டி நில்லுங்க" என்றேன். "போதும்லே, நாலு பேரு பாக்குதாவ" என்று அப்பா நெளிந்தார். அம்மா சிரித்துவிட்டாள்.

அந்தப் படமும் கல்யாணப் படங்களும் பளிச்சென்று வந்தன. இப்போதெல்லாம் யாரையும் நெருங்கி நிற்கச் சொன்ன பிறகே பொத்தானை அழுத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒட்டி நிற்கும் படம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அதற்கும் சேர்த்து மனைவிக்கு நன்றி.