அக்கா மரியாதையாகப் பேசிய நாள்

அக்கா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டைப்படத்தில் அவர் சிரிப்பதாகப் பலரும் சொல்கிறீர்கள். கூட இருந்தவன் சொல்கிறேன், புகைப்படக்காரரைத் திட்டுவதற்காக அப்போதுதான் வாயைத் திறந்தார்.

அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அம்மா போன பிறகு என்னை வளர்த்து, திருவான்மியூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்தே தன் இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரிகளாக்கியவர் அக்கா. அவர் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். அக்கா வீட்டுக்காரரான என் மாமாவைக் கல்யாணமான நாளிலிருந்து "யோவ்" என்றுதான் கூப்பிடுவார்.

போன ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் கவுச்சி தின்னக்கூடாது, கடுஞ்சொல் பேசக்கூடாது. தின்னத்தான் கூடாது, வெட்டலாம் என்று அக்காவே அம்மனிடம் பேசி முடித்திருந்தார். கடுஞ்சொல் விஷயம் எந்த வருஷமும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியதில்லை.

அந்தச் சமயத்தில் கெளுத்தி முள் கையில் குத்திவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு வேலை பார்த்தார். மூன்றாம் நாள் காலை காய்ச்சலும் நடுக்கமும். மாமா கஞ்சி கொண்டுபோனார்.

"வாங்க, உக்காருங்க. நீங்க சாப்டீங்களா?" என்றார் அக்கா.

மாமா என்னிடம் ஓடி வந்தார். "டேய், உங்க அக்கா என்னிய 'நீங்க'ன்றாடா! ஆத்தா கண்ண தொறந்துட்டா!"

காப்பு இந்த வருஷம்தான் பலித்தது என்று எல்லோரும் நம்பினோம். மாலைவரை மாமா மாப்பிள்ளைக் களையோடு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தார் வேறு வந்து அந்த மரியாதைப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா என்னை "சார்" என்றபோதுதான் இது காப்பின் வேலை இல்லை என்று உறைத்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

"எப்பலேர்ந்து குழப்பமா பேசறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மரியாதையா பேசினதுலேர்ந்து சார்," என்றார் மாமா.

டாக்டர் சிரிக்கவில்லை. இதற்குச் செப்சிஸ் என்று பெயராம். புண் வழியாக நுழைந்த கிருமியை விரட்டப் போன உடம்பு, நிதானம் தப்பித் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுமாம். மூளையும் கலங்குமாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார். ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டார்.

அக்காவைச் சந்து முனைவரை நாற்காலியோடு தூக்கி வந்தவர்களுக்கும், சவாரியை இறக்கிவிட்டு வந்த ஆட்டோக்காரருக்கும், பக்கத்திலேயே நின்ற செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காய்ச்சலில் ஒருவர் பேச்சு மாறினால், நல்லவிதமாகவே மாறினாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"அவ அப்டி பேசினது எனக்குப் புட்ச்சிருந்துச்சிடா. அதான் நான் பண்ண தப்பு," என்று மாமா இன்னும் என்னிடம் அழுகிறார். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் அச்சில் சொல்கிறேன். மாமா, அன்றைக்கு எனக்கும் பிடித்திருந்தது.