டீக்கடைச் சுவரில் ஒட்டிய தாள்

நைனார்பாளையம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பெரியநாயகி அறிவியல் ஆசிரியை. கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்தபிறகு பள்ளிக்கூடமே கதியென்று இருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாதம் ஒரு விஷயம் எழுதவைப்பார். பாம்புக்கடி, கிரகணம், பூச்சிமருந்து என்று ஏதாவது. ஊரே படிக்கட்டும் என்று அந்தத் தாளைக் கடைத்தெரு டீக்கடைச் சுவரில் ஒட்டுவார்.

1987 ஆகஸ்டில் ராஜாம்பாளின் முறை வந்தது. காலனியிலிருந்து வரும் பெண். வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, "நீர்ச்சத்தும் தாது உப்புகளும் இழக்கப்படுகின்றன" என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள்.

"இத உங்கம்மாகிட்ட படிச்சா அவுங்களுக்குப் புரியுமா?"

"புரியாதுங்க டீச்சர்."

"அப்ப அவுங்ககிட்ட பேசற மாதிரி எழுதிக்கினு வா."

மறுநாள் கொண்டுவந்தாள். 'வயிறு போற பிள்ளை, தண்ணி இல்லாத நாத்து மாதிரி வாடும். தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு நிறுத்தாதீங்க. ஒரு சொம்பு காய்ச்சி ஆறின தண்ணியில ஒரு பிடி சர்க்கரை, மூணு வெரல்ல எடுத்த உப்பு. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கினே இருங்க.'

ஒரு எழுத்தும் திருத்தாமல் பெரியநாயகி அதை ஒட்டினார். டீ குடிக்க வந்தவர்கள் படித்துவிட்டு, "நம்ம பேச்சு மாதிரியே இருக்குதே" என்றார்கள். தலைமையாசிரியர் காசிநாதன்கூடப் பாராட்டினார்.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெருக்காரர்களின் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, பள்ளி இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் ராஜாம்பாள் அம்மாவோடு களையெடுக்க மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போயிருந்தாள். இறங்க வழியில்லாமல் இருவரும் மலையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மழைத்தண்ணீர் காலனிக் கிணற்றில் இறங்கி, வாந்தியும் பேதியும் பரவின. ராஜாம்பாளின் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவின் மகளுக்கு இரண்டு வயது. தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று சின்னக்கண்ணு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் கணவன் முனியன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயல் வரப்புகளைச் சுற்றிச் சின்னசேலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பாதி வழியிலேயே பிள்ளையின் தலை தொங்கிவிட்டது.

மறியல் முடிந்ததும் பெரியநாயகி துக்கம் கேட்கப் போனார். சின்னக்கண்ணு அழவில்லை.

"டீச்சர், தண்ணி கொடுக்கணும்னு எழுதி ஒட்டியிருந்தீங்களாமே. ராஜாம்பா நேத்து வந்துதான் சொல்லிச்சி."

"ஆமாம்மா. டீக்கடையில."

"அங்க நாங்க எங்கங்க நிப்போம்? டீ வாங்கினாலே ரோட்டாண்ட போயிக் குடிக்கணும். தாகத்துக்கு அழுதுக்கினே போச்சுங்க எம்பொண்ணு."

காலனிக்காரர்கள் அந்தக் கடை முன்னால் நிற்பதில்லை என்பது பெரியநாயகிக்குத் தெரியாததல்ல. பசை தடவிய அன்று அது நினைவுக்கே வரவில்லை, அவ்வளவுதான். கதவோரம் நின்ற ராஜாம்பாளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அதன்பின் பிள்ளைகளைக் காலனிக்கே கூட்டிப்போய், எழுதியதைச் சத்தமாகப் படிக்கவைத்தார். இரண்டு முறை நடந்தது. மறியலுக்குப்பின் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் உறவே கசந்துகிடந்த நேரம். பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து சத்தம்போட்டார்கள்.

காசிநாதன் அவரைக் கூப்பிட்டார். "இன்னா நேரத்துல இன்னா செய்யறீங்கம்மா? பாடத்த மட்டும் நடத்துங்க."

"இதுவும் பாடந்தாங்க சார்."

அடுத்த கோடையில் அவரை மலைப்பள்ளிக்கு மாற்றினார்கள்.

கிளம்புமுன் ராஜாம்பாளைத் தேடிப் போனார். அவள் பள்ளியை நிறுத்திச் சில மாதங்களாகியிருந்தன. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

"மேல படி. புஸ்தகம் நான் வாங்கித் தரேன். உன்ன மாதிரி எழுத யாராலயும் முடியாது."

"இன்னாத்துக்குங்க டீச்சர்?" என்றாள் அவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மலைக்குப் போனபிறகும் பெரியநாயகி பிள்ளைகளை எழுதவைத்தார். எதையும் சுவரில் ஒட்டவில்லை. சந்தை நாளில் கூட்டிப்போய், மூட்டை இறக்குகிறவர்கள் நடுவே நின்று படிக்கச் சொல்வார். நின்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பலர் பேசிக்கொண்டே கடந்துபோனார்கள்.