வெண்ணீர் உட்பட

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். இதனாலேயே இரண்டு பேக்கரிகளில் எனக்கு நல்ல வரவேற்பு கிடையாது.

ஒப்பந்தத்தில் 'தண்ணீர், வெந்நீர் உட்பட வாடகை' என்று இருந்திருக்க வேண்டும். டைப் அடித்தவர் 'வெண்ணீர்' என்று அடித்துவிட்டார். வெந்நீர் என்றால் சுடுதண்ணீர். வெண்ணீர் என்று ஒன்று உண்டென்றால், அது வெள்ளைத் தண்ணீர். என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் நோட்டே கிழிகிற மாதிரி சுழித்திருப்பேன். அன்றைக்கு வீடு கிடைத்த சந்தோஷத்தில் கண் அவிந்துபோயிருந்தது.

பிழையோடேயே ஒரு வருடம் நன்றாக ஓடியது. வீட்டின் பின்பக்கம் விறகு போட்டு எரிக்கும் பெரிய பாய்லர் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வெள்ளனே எழுந்து அதைப் பற்றவைப்பார். ஒரு குழாய் அவர் வீட்டுக்கு, ஒரு குழாய் எங்களுக்கு. அவர் மேல்மலையில் கவுஞ்சி என்ற கிராமத்துக்காரர். அங்கே இன்னமும் பூண்டு போடுகிறார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய் வந்தால் எங்களுக்கும் ஒரு பை கேரட் வரும்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். பழனி அடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தவள் அம்மா. கடையை விட்ட பிறகும் தனியாக அங்கேயேதான் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத் தூக்கிய பிறகுதான் என்னோடு வரச் சம்மதித்தாள். வந்த நாள் முதல் கோடைக்கானலைத் திட்டாத நாளில்லை. "மனுசன் இருக்கிற ஊராடா இது" என்பாள். அவளை இங்கே பிடித்துவைத்திருந்தது காலையில் முழங்காலில் ஊற்றிக்கொள்ளும் அந்தச் சுடுதண்ணீர் ஒன்றுதான்.

பிறகு வீட்டுக்காரர் மாடியில் இரண்டு அறை கட்டி சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தார். வருகிறவர்கள் சமவெளிக்காரர்கள். குளிரைக் கண்டதும் மணிக்கணக்கில் குளிப்பார்கள். பாய்லர் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் எங்கள் குழாயைத் திறந்தால் சில்லென்று பச்சைத் தண்ணீர் வந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வால்வை இறுக்கி மூடி, கைப்பிடியையும் கழற்றி வைத்திருந்தார்.

சிவப்பு மை கையில் இருந்தால் நான் புலி. அது இல்லாத இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. "சமாளிச்சுக்கலாம்மா" என்று சொல்லி, அடுப்பில் குண்டா வைத்துச் சுடவைத்தேன். பள்ளிக்கூட அவசரத்தில் அரைக் குண்டா போதும் என்று ஆகி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. எதிரே வீட்டுக்காரர் வந்தால் நானே சிரித்து வணக்கம் வைத்தேன். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பழனி பஸ்ஸுல ஏத்தி விட்டுரு. வெரசா போயிருதேன்."

அந்தப் பழைய வீட்டில், அதே குளியலறையில், தனியாக. கால்சட்டைகூட மாற்றாமல் வீட்டுக்காரரிடம் போனேன். "ஒப்பந்தத்துல எழுதியிருக்குல்ல அண்ணே" என்றேன்.

"இருக்கட்டும் சார், பாப்போம்" என்று உள்ளே போய், ஒரு கையில் ஒப்பந்தமும் மறு கையில் ஒரு நோட்டுமாக வந்தார். நோட்டு அவர் மகளுடையது. எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறாள். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பெண்ணும் 'வெண்ணீர்' என்றே எழுதியிருந்தாள். நான் அதைச் சுழித்து, ஓரத்தில் 'ஓரெழுத்து மாறினால் பொருளே மாறும். வெண்ணீர் வேறு, வெந்நீர் வேறு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"நீங்கதான சார் சொல்லியிருக்கீங்க. பிள்ளைக்கு ஒரு நியாயம், வாத்தியாருக்கு ஒரு நியாயமா? வெள்ளைத் தண்ணிதான் எழுதிக் கெடக்கு. அது குழாய்ல வருதுல்ல?"

என் வாழ்க்கையில் என் கையெழுத்தை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை. விடை சரியாக வந்த மாணவனின் சந்தோஷம்தான் இருந்தது.

எங்கள் வரலாற்று ஆசிரியைதான் வழி சொன்னார். வாடகைக்குள் சேர்த்துக் கொடுக்கிற வசதியை வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது, இதைக் கேட்பதற்கென்றே சட்டமும் அதிகாரியும் இருக்கிறார்கள், மனுப் போடுங்கள் என்றார். அம்மாவிடம் ஒரு வாரத் தவணை கெஞ்சி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. அதில் இரண்டரைப் பக்கம் புணர்ச்சி விதி. வெம்மை கூட்டல் நீர் எப்படி வெந்நீர் ஆகிறது என்பதைப் பிரித்துக் காட்டியிருந்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அம்மாவும் கிளம்பி வந்துவிட்டாள். அதிகாரி ஓர் அம்மையார். மனுவைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார்.

"சார், நாலு பக்கமும் படிச்சுட்டேன். உங்களுக்கு என்ன வேணும்?"

"சுடுதண்ணி மேடம்," என்றேன்.

"இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம்."

வீட்டுக்காரர் நோட்டை எடுத்து மேசையில் விரித்தார். அதிகாரி என் சிவப்பு மையைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். "அது என் பிழை மேடம். ஆனா எங்கம்மாவுக்குக் கால் முடியல. சுடுதண்ணி இல்லன்னா அவங்க என்னை விட்டுட்டுப் போயிருவாங்க. அவரு குடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டேன். கடைசி வாக்கியம் சத்தமாகவே வந்தது. பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அம்மா அப்போதுதான் பேசினாள்.

"தாயி, அவுக சொல்லுத மாதிரி வெள்ளைத் தண்ணின்னே வச்சுக்குவோம். அதையாவது குடுக்கச் சொல்லுங்க. மழை பிடிச்ச நாள்ல இருந்து குழாய்ல டீத்தண்ணி கலருலதான வருது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான்கு பக்க இலக்கணத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அதிகாரி சிரிப்பை முடித்துக்கொண்டு அவரிடம் கேட்டார். "எழுத்து எப்படியோ இருக்கட்டும். ஒரு வருஷமா சுடுதண்ணி குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேனுங்க."

"அப்ப அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்குமே தெரியும். மாடிக்கு வேணும்னா தனியா ஒரு பாய்லர் வைங்க. இவங்க வால்வ இன்னைக்கே திறந்துவிடணும். இல்லன்னா நான் உத்தரவு போட வேண்டியிருக்கும்."

"அதெல்லாம் எதுக்குங்க, திறந்துருதேன்" என்றார் வீட்டுக்காரர். வெளியே வந்ததும் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார். "திருத்திக் குடுத்துருங்க சார். இனி வம்பே வேணாம்." படிக்கட்டில் வைத்துத் திருத்தினேன். பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவர் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "இவ்வளவு பேசத் தெரிஞ்சவ, நீயே அவருகிட்ட முதல்நாளே போய்க் கேட்டிருக்கலாம்ல? எதுக்குப் பையக் கட்டுன?"

அம்மா நின்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏலே, சுடுதண்ணி இல்லாம நான் பொழைக்க மாட்டேனா? மூணு வாரமா எனக்காக ஒரு வார்த்தை கேக்கல நீ. அவரப் பாத்தா கும்பிடு வேற போடுத. பாரமாயிட்டோம் போலன்னு நெனச்சுட்டேன்."

நடுரோட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.