யாரும் இறுக்கிப் பிடிக்காத கை

என் அக்காவைக் கட்டிய டிக்சன் அத்தானுக்குப் பகலில் ஒரு வேலை, காலையும் மாலையும் ஒரு வேலை. பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் தலைமை கிளார்க். காலையும் மாலையும் மில்லர்புரத்தில் எங்கள் தெருக்கோடிக் காலி மனையில் குங்ஃபூ மாஸ்டர். பகல் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். குங்ஃபூவைப் பற்றிக் கேட்டுவிட்டால், கேட்டவன் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரிதான்.

அதே தெருவில் நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சுளுக்குத் தைலமும் க்ரேப் பேண்டேஜும் அவர் வகுப்பால் எனக்கு நன்றாகப் போகும். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். "அத்தான், இதெல்லாம் நெசச் சண்டைக்கு உதவுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்பேன். அவர் கோபப்பட மாட்டார். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் மாப்ள" என்பார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அத்தான்" என்பேன். அக்கா ஜெபசுதா இரண்டு பேரையும் திட்டிவிட்டுக் காப்பி கொடுப்பாள்.

அத்தான் நாசரேத்துக்காரர். படித்து முடித்து மெட்ராஸில் வேலை பார்த்தபோது பெரம்பூரில் ஒரு மாஸ்டரிடம் கற்றுக்கொண்டார். அந்த மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே பல் வைத்தியம் பார்த்த ஒரு சீனக்காரர். கொக்கைப் பார்த்து உண்டான முறையாம். ஒற்றைக்காலில் நிற்பதும் கையைச் சிறகு போல விரிப்பதும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அத்தான் ஐம்பதைத் தாண்டியும் தொப்பை விழாத மனுஷன். வெள்ளை உடுப்பில் அவர் நிற்கும்போது உப்பளத்து ஓரம் மீனுக்குக் காத்திருக்கிற கொக்கே தோற்றுப்போகும். அதை நான் மறுக்கவில்லை.

அந்த முறையில் ஒரு பாடம் அவருக்கு உயிர். எதிராளி மணிக்கட்டைப் பிடித்தால் முழங்கையை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, அவனுடைய கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவிவிட வேண்டும். கொக்குத் திருப்பு என்று பெயர் வைத்திருந்தார். அவர் இடுப்பைத் திருப்பியதும் பிடித்தவன் கை தானாகக் கழன்றுவிடும். சிலர் தடுமாறி மண்ணில் விழுவார்கள். வேடிக்கை பார்க்கிற பெற்றோர் கைதட்டுவார்கள்.

எனக்கு அங்கேதான் சந்தேகம். அத்தான் எங்கள் சர்ச்சில் சேகரச் செயலாளர், பாதிரியாருக்கு அடுத்து அவர்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்றாலும், துறைமுகத்தில் வேலைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர் கையை நீட்டி "பிடிலே" என்றால் எவன் இறுக்கிப் பிடிப்பான்? பட்டும் படாமலும் பிடிப்பான். அவர் திரும்பியதும் விட்டுவிடுவான். கொஞ்சம் கூடுதல் மரியாதை உள்ளவன் கீழேயும் விழுவான். பிறகு ஜோடி ஜோடியாகப் பழகும்போதும் அதே கதைதான், சின்ன பெல்ட் பெரிய பெல்ட்டுக்கு விட்டுக்கொடுக்கும். அத்தானும் பெரம்பூரில் தன் மாஸ்டர் தொட்டதும் விழுந்தவர்தான். அவரே பெருமையாகச் சொல்லுவார், மாஸ்டரின் சக்தி தள்ளியதாம். குத்துச்சண்டை பழகுகிறவன் முகத்தில் எதிரே நிற்பவன் தினமும் உண்மையாகவே குத்துகிறான். எதிரே நிற்பவன் விட்டுக்கொடுக்கிற இடத்தில் எந்த வித்தையும் பலிக்கும். இதைச் சொன்னால் அத்தான் சிரிப்பார்.

அவருக்கு வாய்த்த ஒரே நல்ல மாணவி பேச்சிச்செல்வி. ஏரலுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை வயல்காட்டு ஊர். அப்பா இல்லை. அம்மா இசக்கித்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தாள். பேச்சி இங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் சேர்ந்து, எங்கள் தெருவிலேயே பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அக்கா மகள் ஜெப்ஸிக்கும் அதே லேபில்தான் வேலை. இருவரும் உயிர்ச் சிநேகிதிகள். ஜெப்ஸிக்கு வகுப்பு என்றாலே ஆகாது, "எங்கப்பா ஆடுற டான்ஸ்" என்பாள். பேச்சியோ மழையானாலும் வந்து நிற்பாள். "மாஸ்டர் சொன்னாவ" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் கடைக்கு வந்தால், "அண்ணாச்சி, தைலத்துல தண்ணி கலக்காதீய" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் வாங்குவாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

போன வருஷம் கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வேம்பார் போனார்கள். திரும்பும்போது ஊருக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்து வழியாகக் குறுக்கே நடந்தார்கள். சாயங்காலம், வெளிச்சம் இருந்தது. பைக்கில் இரண்டு பேர் வந்து மறித்து, கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொன்னார்கள். ஜெப்ஸி தன் சங்கிலியைக் கழற்றி உப்புப் பாத்திக்குள் வீசிவிட்டு ஓடினாள். பேச்சி ஓடவில்லை. காலை அகட்டி நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி அவள் கையைப் பிடித்தான்.

உப்பு லாரிக்காரர்கள் ஓடி வருவதற்குள் பைக் போய்விட்டது. பேச்சி சின்னப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பின்மண்டை அடிபட்டுக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள். அந்த இருவரையும் பிறகு போலீஸ் பிடித்தது. அது யாருக்கு என்ன ஆறுதல்.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் அந்த ஊருக்குப் போனோம். பேச்சியின் தாய்மாமா சங்கரபாண்டியன் அழுது சிவந்த கண்ணோடு அத்தானிடம் வந்தார்.

"சண்டை படிச்ச பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோமே சார். அது ஒண்ணுத்துக்கும் உதவலையா?"

அத்தான் பேசாமல் இருந்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அவர் வாயில் வந்தது இது: "படிச்சதைச் சரியா செஞ்சிருந்தா அவன் பிடி விட்டிருக்கும். பயத்துல இடுப்பு திரும்பியிருக்காது."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே அறையலாம் போல் வந்தது. பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இசக்கித்தாய்க்கு அது கேட்டுவிட்டது. ஒப்பாரியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "எம்பிள்ளை தப்பா செஞ்சிட்டாளா?" என்று கேட்டாள்.

அத்தான் ஊருக்குத் திரும்பி வகுப்பைத் தொடர்ந்தார். முன்னைவிட மும்முரமாக. வந்த பிள்ளைகளை மாலை முழுக்க இடுப்பு, இடுப்பு என்று திருப்ப வைத்தார். ஜெப்ஸி வீட்டில் யாரோடும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் ஏதோ பேச்சில், "அந்தப் பிள்ளை மட்டும் இடுப்பைத் திருப்பியிருந்தா" என்று ஆரம்பித்தார். ஜெப்ஸி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, அவ திருப்பினா."

அக்கா, "சாப்பிடும்போது வேண்டாம் ஏளா" என்றாள். ஜெப்ஸி கேட்கவில்லை.

"நான் உப்புக் குவியல்கிட்டப் போய்த் திரும்பிப் பார்த்தேன். முழங்கையைத் தூக்கினா, இடுப்பைத் திருப்பினா, நீங்க செய்யுற மாதிரியே செஞ்சா. அவன் விடலை. சிரிச்சான். அவ மறுபடியும் செஞ்சா. அப்பவும் விடலை. அவ மொகத்துல பயமே இல்லப்பா. இவன் ஏன் விடமாட்டேங்கான்னு ஆச்சரியமாப் பார்த்தா. அதுக்கப்புறம்தான் பிடிச்சுத் தள்ளினான்."

அத்தான் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை கழுவ எழுந்து போனவர் வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தார். "மாப்ள, என்னை யாருன்னு தெரியாத ஒருத்தன் வேணும். நல்ல பலசாலியா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஐஸ் தூக்குகிற ரோச் எனக்குப் பழக்கம், முதுகுவலிக்கு மாத்திரை வாங்க வருவான். அவனைக் கூப்பிட்டு, "ஏலே ரோச், இவங்க கையைப் பிடிக்கணும். என்ன செஞ்சாலும் விடக்கூடாது" என்றேன்.

"வலிக்குமே அண்ணாச்சி" என்றான்.

"வலிக்கட்டும். விடாதே" என்றார் அத்தான்.

ரோச் கைலியில் ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் பிடித்தான். அத்தானின் முழங்கை உயர்ந்தது. இடுப்பு திரும்பியது. இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. கை கழலவில்லை. மறுபடி திரும்பினார். காலைப் பின்னால் வைத்துத் திரும்பினார். ரோச் தன் பக்கம் லேசாக ஒரு இழுப்பு இழுத்தான். கொக்குக் கால் தடுக்கி அத்தான் அவன் நெஞ்சின்மேல் போய் மோதினார். மீன் கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அத்தான் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போதுமா அண்ணாச்சி? ஐஸ் கரையுது" என்றான் ரோச், பாவம், பயந்துபோய்.

விட்டபோது மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. அத்தான் படகு கட்டுகிற கல்லின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்தார். "பிடிச்சவன்ல ஒருத்தன்கூடச் சொல்லலையே மாப்ள" என்றார். "மாஸ்டர், நாங்களாத்தான் விடுதோம்னு ஒருத்தன் சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டப் போய் எவன் அத்தான் சொல்லுவான்?" என்றேன். கேலி செய்ய எவ்வளவோ இருந்தது. எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

வகுப்பை அன்றோடு நிறுத்திவிட்டார். ஆனால் அதோடு அவர் மனம் அடங்கவில்லை. பேச்சியின் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அக்கா தடுத்தாள், ஆறின புண்ணைக் கீறுவானேன் என்றாள். "ஆறலை" என்றார் அத்தான். "செத்த பிள்ளை மேல நான் ஒரு பழியைப் போட்டுட்டு வந்திருக்கேன். அந்தத் தாய் அதைச் சுமந்துக்கிட்டு இருக்கா. நான்தான் போய் எடுக்கணும்."

என்னையும் கூட்டிக்கொண்டு ஏரல் பஸ் ஏறினார். நாங்கள் போனபோது இசக்கித்தாய் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். அத்தான் உட்காரவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு இடுப்பு திரும்பலைன்னு சொன்னிய சார். அதையேதான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். எதுலயும் அவளுக்கு அவசரம். ஒழுங்காச் செய்யின்னு நான் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டேன்."

"அவ ஒழுங்காத்தான் செஞ்சா" என்றார் அத்தான். "எம்மக பார்த்திருக்கா. அவ செஞ்சது அத்தனையும் சரி. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. நெசமாப் பிடிக்கிறவன்கிட்ட அது பலிக்காது. எங்கிட்ட எல்லாரும் மரியாதைக்கு விட்டாவ, நான் அதை வித்தைன்னு நம்பிட்டேன். சங்கிலியைத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடுன்னு சொல்லிக்கொடுத்திருந்தா உங்க பிள்ளை இன்னைக்கு இருந்திருப்பா."

அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அத்தானும் அதற்குத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவள் ஏசவில்லை.

"லீவுக்கு வந்தா எங்கிட்டதான் சார் பழகுவா" என்றாள். "அம்மா பிடி, அம்மா பிடின்னு கையை நீட்டுவா. இறுக்கிப் பிடிம்மான்னு ஏசுவா. எம்பிள்ளை கையை நான் எப்படி இறுக்கிப் பிடிப்பேன்? நோவுமேன்னு லேசாப் பிடிச்சு, அவ திரும்பினதும் விட்டுருவேன். ஜெயிச்சிட்டேன்னு சிரிப்பா. அந்தச் சிரிப்பைப் பார்க்குறதுக்காகவே விடுவேன்."

சட்டென்று நிறுத்தினாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"அப்போ நானும்தானா சார்?"

அத்தான் பதறிப்போனார். "இல்லம்மா, இல்ல. நீங்க என்ன செய்வீய. தாயி வேற எப்படிப் பிடிப்பா" என்றார். ஒரு சுமையை இறக்கி வைக்க வந்தவர் கண்ணெதிரே அவள் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டாள். இதற்கு நாங்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பிள்ளை சரியாகச் செய்தாள் என்பதை அவள் அம்மா தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் எப்படி நியாயம்?

இசக்கித்தாய் எழுந்து வந்தாள். அத்தானின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இவ்வளவுதான் சார் பிடிப்பேன். பாருங்க."

அத்தான் கையை உருவவில்லை. இடுப்பும் திரும்பவில்லை. தலை குனிந்து நின்றார்.

"இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார். "என் கைதானே. நல்லா இறுக்கிப் பிடிங்க."

அவள் முயன்று பார்த்தாள். நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் உரம் ஏறிய கை, பலம் இல்லாமல் இல்லை. பேச்சியின் கையைப் பிடித்த மாதிரியேதான் அவளால் பிடிக்க முடிந்தது.