மருந்து பாதி, கொத்து பாதி

கத்திரித் தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு இருக்கக் கூடாத குணம் எது என்று என்னைக் கேட்டால், கூச்சம் என்று சொல்வேன். காய்ப்புழுவுக்கு மருந்து இருக்கிறது, வாடலுக்கு மருந்து இருக்கிறது. கூச்சத்துக்குப் பண்ருட்டிக் கடைகளில் இதுவரை ஒன்றும் வந்து இறங்கவில்லை.

காடாம்புலியூர்ப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் எனக்கு அரை ஏக்கர் செம்மண் கொல்லை. கத்திரி நட்டால் பிடுங்குவதற்குள் மூன்று தடவை களை எடுக்க வேண்டும். அதாவது மூன்று தடவை ஆள் கூப்பிட வேண்டும். ரொம்ப வருஷம் அதை என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். போகிற போக்கில் தெருவில் நின்று நாலு வார்த்தை பேசுவாள், மறுநாள் ஆட்கள் வந்து நிற்பார்கள். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததும், "இனிமே நீங்களே கூப்பிட்டுக்குங்க" என்று ஒரு வரியில் பொறுப்பை மாற்றிவிட்டாள்.

களை எடுக்க வருகிறவர்கள் மொத்தம் பத்துப் பெண்கள். மற்றவர்களைக் கூட்டி வருகிற அம்மா என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், முறைக்கு என்னை மாமா என்பார். எங்கள் ஊரில் மாமா முறை வந்துவிட்டால் கிண்டல் செய்ய வேறு அனுமதி தேவையில்லை. போனில் பேசிவிடலாம் என்றால், பகலெல்லாம் அந்தம்மாவின் போன் ஏதாவது ஒரு மரக்கிளையில் சோற்றுப் பையோடு தொங்கிக்கொண்டிருக்கும். நேரில்தான் போக வேண்டும். காலையில் அவர்களை வேலைக்கு ஏற்றிப் போகிற டெம்போ வருவதற்குள், தெருமுனைக் குழாயடியில், பத்துப் பேரும் ஒன்றாக நிற்கிற நேரத்தில்.

முதல் தடவை போனபோது "என்ன மாமா, இவ்ளோ தூரம்?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் போனேன். "இன்னிக்கும் சும்மாவா?" என்று கேட்டார்கள். ஒருவழியாக அந்த வருஷம் மூன்று களையும் எடுத்து முடிப்பதற்குள் எனக்கு எடை குறைந்ததாக மனைவி சொன்னாள்.

அடுத்த நடவுக்குக் கொஞ்சம் முன்னால், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர்ப் பக்கம் காய்கறி விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் நடக்கிறது என்று என் மச்சான் சொன்னான். மனைவியின் தம்பி. கூட்டத்தைவிட அங்கே போடுகிற மதியச் சாப்பாட்டின் மேல் அவனுக்கு நம்பிக்கை ஜாஸ்தி. அவன் வண்டியில் குறிஞ்சிப்பாடி, புவனகிரி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். காலையில் பேசியவர் களைக்கொல்லி பற்றிச் சொன்னார். நாற்று நட்ட மூன்றாம் நாள், களை முளைப்பதற்கு முன்னாலேயே, ஈர மண்ணில் மருந்தடித்துவிட வேண்டும். மருந்து மண்ணின் மேல் ஒரு மெல்லிய போர்வை மாதிரி உட்கார்ந்துகொள்ளும், முளைக்கிற விதை அதைத் தாண்டி வராது. அடித்த இடத்தை மிதித்தால் போர்வை கிழிந்துவிடும், அதனால் பின்பக்கமாக நடந்துகொண்டே அடிக்க வேண்டும்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இந்த மருந்தை ஒரு தடவை அடித்தால் குழாயடிக்குப் போக வேண்டாம். புட்டிக்குப் பேசத் தெரியாது, அது என்னை மாமா என்று கூப்பிடாது.

அப்போது டீ இடைவேளை விட்டார்கள். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் டீ கிளாஸை அங்கேயே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மச்சானிடம் தலைவலி என்று சொல்லி பஸ் ஏறினேன். அவன் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

நட்ட மூன்றாம் நாள் காலை, தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தில் மருந்தைக் கலக்கி டேங்க்கை முதுகில் மாட்டினேன். சொன்னபடி பின்னால் நடந்துகொண்டே அடித்தேன். பாதிக் கொல்லை முடிந்தபோது அந்தப் பத்துப் பேரும் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொல்லையில் வேலை.

"மாமா, யாருக்குப் பயந்து பின்னாலயே போறீங்க?" என்றார் அந்தம்மா.

இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் நடந்தேன். வாய்க்கால் இருப்பதை மறந்துபோனேன். டேங்க்கோடு மல்லாக்க விழுந்தவனை இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். கை கால் பிசகவில்லையே என்று விசாரித்துவிட்டு, பக்கத்துக் கொல்லைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் சிரித்தார்கள்.

மீதிக் கொல்லையை அவர்கள் போன பிறகு அடித்து முடித்தேன். பிரச்சினை அதோடு முடியவில்லை. களை எடுக்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. களையில் பண்ணைக்கீரை, சாரணை, குப்பைக்கீரை எல்லாம் வரும். அதை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், அன்று ராத்திரி பத்து வீட்டிலும் கீரைக்குழம்பு. வேலை இல்லாத நாளிலும் போகிற வழியில் இறங்கி நாலு கைப்பிடி பறித்துக்கொள்வார்கள், அதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்போது என் கொல்லையில் மருந்து இருக்கிறது. தப்பித் தவறி நாலு கீரை முளைத்து அதைப் பறித்துவிட்டால்? சொல்லியாக வேண்டும். சொல்வதற்குக் குழாயடிக்குப் போக வேண்டும். எதைத் தவிர்க்க மருந்து வாங்கினேனோ அதையே செய்ய வேண்டும்.

நான் ஒரு பழைய பலகையைத் தேடி எடுத்தேன். "களைக்கொல்லி அடிச்சிருக்கு. கீரை பறிக்காதீங்க" என்று பெயின்ட்டில் எழுதி வரப்பு ஓரம் நட்டுவைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்கு மட்டும்தான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அது வீண்போகவில்லை. தினமும் காலையில் அந்தம்மா பலகைக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல எழுத்துக் கூட்டி வாசிப்பார். மற்ற ஒன்பது பேரும் திருப்பிச் சொல்வார்கள். கிணற்று மேட்டில் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் இருபத்தைந்து நாள் என் கொல்லை சாணி மெழுகிய வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. கத்திரியைத் தவிர ஒரு பச்சை இல்லை. எனக்கு நடையே மாறிவிட்டது என்று மனைவி கேலி செய்தாள்.

பிறகு கோரை வந்தது.

கோரை விதையை நம்பி முளைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு போட்டு வைத்திருக்கிறது. மருந்துப் போர்வையை ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்தது. முப்பதாம் நாள் பார்த்தால் கத்திரிச் செடியின் முழங்கால் அளவுக்குக் கோரை, நடுநடுவே மற்ற களைகளும் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. செடி பக்கக்கிளை விட்டுப் பரவுகிற நேரம். அந்த வாரத்துக்குள் கொத்தி மண் அணைக்காவிட்டால் செடி குச்சி மாதிரி நின்றுவிடும், அப்புறம் உரம் போட்டாலும் கோரைதான் சாப்பிடும்.

பண்ருட்டிக்குப் போய்க் கடைக்காரரிடம் வேறு மருந்து கேட்டேன். கோரையைக் கருக்குகிற மருந்து கத்திரியையும் சேர்த்துக் கருக்கிவிடும் என்று சொல்லி அவர் தரவில்லை. ஆளைக் கூப்பிட்டுக் கொத்தச் சொன்னார். நான் இன்னொரு முறை கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து என்ன வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்திருந்த மச்சானிடம், அன்றைக்கு மதியத்துக்கு மேல் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"சாம்பார் நல்லா இருந்துச்சு மாமா."

"பேசுனது என்னடா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "மருந்து ஒரு மாசந்தான் காவலுக்கு நிக்குமாம். அப்புறம் ஒரு தடவ கொத்தி மண்ணணைக்கணுமாம். மருந்து பாதி, கொத்து பாதி, ரெண்டும் சேந்தாதான் களை அடங்கும்னாங்க. அதுவரைக்கும் மண்ணக் கிளறாதீங்க, அதுக்கப்புறம் கிளறாம விடாதீங்கன்னு சொன்னாங்க."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக்கி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என்னுடையது. கொல்லையில் கோரை ஏறிவிட்டது. நாளைக்கு வர முடியுமா. அந்த வாரம் சுற்றுவட்டாரமெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகளில் களை வெட்டு. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். இந்தப் பத்துப் பேருக்கு என்னை விட்டால் ஆயிரம் இடம் இருந்தது.

குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அந்தம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். எனக்கு மூன்று வாக்கியமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. வாயைத் திறந்தேன். "கோரை" என்று மட்டும் வந்தது.

"பலகையில எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே மாமா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எத்தன வருசமா உங்க கொல்லைல குனிஞ்சிருக்கோம். ஒரு தடவ மருந்தடிச்சிக்கிறேன், ரெண்டு களைக்கு வர வேணாம்னு நேரா வந்து சொல்லிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்? ஒரு மாசமா உங்க கொல்லையத் தாண்டும்போதெல்லாம் நாங்க என்னா தப்பு செஞ்சோம்னு யோசிச்சிக்கிட்டுப் போறோம்."

இது எனக்குத் தெரியாது. தினமும் பலகையை வாசித்துச் சிரித்ததை நான் வெறும் கேலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவ்வளவு வாயுள்ள மனுஷிக்கும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. எனக்கு இங்க வந்து நிக்கதான் கூச்சம். அதுக்குதான் மருந்து வாங்குனேன்" என்றேன். அதுவரை என் வாழ்க்கையில் பத்துப் பேருக்கு முன்னால் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அந்தம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "இது தெரிஞ்சிருந்தா வாய்க்கால்ல விழுந்த அன்னிக்கே தூக்காம விட்டிருப்போம்" என்றது. அந்தம்மாவும் சிரித்துவிட்டார்.

வருகிறோம் என்று சொன்னார். ஆனால் இரண்டு நிபந்தனை. கிணற்று மேட்டில் ஒரு பாத்தி எந்த மருந்தும் படாமல் கீரைக்கென்று விட வேண்டும். மருந்தடித்தால் நான் குழாயடிக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும், பலகை செல்லாது.

இரண்டு நாளில் கொத்தி முடித்தார்கள். களைக்கொத்தால் கோரையைக் கிழங்கோடு தோண்டி வரப்பில் எறிந்தார்கள், செடிக்கு மண் அணைத்தார்கள். மருந்தடித்த மண்ணில் மற்ற களை குறைவாக இருந்ததால் வேலை லேசாக இருந்தது என்று அவர்களே சொன்னார்கள். கோரை முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அது மறுபடி தலைதூக்குவதற்குள் கத்திரி பரவி நிழல் கட்டிவிட்டது. அந்த வருஷம் காய் நன்றாகவே வந்தது. பலகையைப் பிடுங்கி மோட்டார் கொட்டகைக்குக் கதவாக்கிவிட்டேன், எழுத்து உள்பக்கம்.

இந்த வருஷமும் மூன்றாம் நாள் மருந்து, முப்பதாம் நாள் கொத்து. கிணற்று மேட்டுப் பாத்தியில் பண்ணைக்கீரை என் கத்திரியைவிடச் செழிப்பாக இருக்கிறது. போன வாரம் ஆள் கூப்பிடப் போனேன். இந்தத் தடவைக்கென்று புதிதாக மூன்று வாக்கியம் செய்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துச் சரியாகவே கொண்டுபோயிருந்தேன். குழாயடிக்குப் போய் நின்றேனோ இல்லையோ, அந்தம்மா குடத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "செவ்வாக்கெழம வரோம் மாமா, போங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் போகவில்லை. மூன்று வாக்கியத்தையும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.