என் தங்கைக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

நாங்கள் இருவரும் அறிமுகமானதே ஓர் அடியில்தான். எழுபதுகளின் கடைசி. கல்முனைத் தியேட்டரில் மலிவான கலரி டிக்கட்டுக்கு வரிசை நின்றது. வரிசை என்பது சும்மா பேச்சு. ஒரு கம்பிக் கூண்டுக்குள் முப்பது பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் நின்றவன் என் காலை மிதித்தான். நான் அவன் சட்டைக் கொலரைப் பிடித்துத் திருப்பி வாயில் ஒன்று வைத்தேன். உதடு கிழிந்து இரத்தம் தாடைக்கு இறங்கியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "அடிச்சி முடிஞ்சா எனக்கும் சேத்து ஒரு டிக்கட் எடு. இந்த வாயோட எனக்கு உள்ளுக்கு நெருக்க ஏலா" என்றான்.

எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் படம் பார்த்தோம். கதாநாயகன் பத்துப் பேரைப் போட்டு மிதித்தபோது நான் விசிலடித்தேன். கதாநாயகனின் தாய் செத்தபோது இவன் அழுதான். என் லேஞ்சித் துணியை உதட்டில் அழுத்திக்கொண்டு, அதிலேயே மூக்கையும் சிந்தி அழுதான். அதைப் பார்த்தபோது என் நெஞ்சுக்குள் என்னவோ புரண்டது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அது என்னவென்று எனக்குத் தெரியும், பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். எங்கள் ஊரில் அதற்கு வசைச் சொல் இருந்தது, பெயர் இருக்கவில்லை.

நான் சாய்ந்தமருதுக்காரன். கல்முனைச் சந்தையில் வாப்பாவுக்கு மாட்டிறைச்சிக் கடை. விடியும்போது பள்ளிவாசல் லெப்பை வந்து மாட்டை ஓதி அறுத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் என் வேலை. தோலை உரிப்பது, நாலாகப் பிளப்பது, கொளுக்கியில் தூக்குவது, கட்டையில் போட்டுக் கொத்துவது. வாப்பாவுக்கு வாயால் சொல்ல வராது, தோல் வாரால்தான் சொல்லுவார். எலும்பைக் கோணலாக வெட்டினால் முதுகில் ஒன்று விழும். நானும் அவரிடம் படித்தவன்தானே. கொழுப்பைக் கூடப் போட்டுவிட்டாய் என்று முறைத்த ஒருவனை, அந்தக் கொழுப்பாலேயே முகத்தில் அறைந்திருக்கிறேன். சந்தை ஒரு கிழமை அதைச் சொல்லிச் சிரித்தது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் என்ற பெயர் எனக்கு வசதியாகவும் இருந்தது. அடிதடிக்காரனைப் பார்த்து யாரும் வேறு சந்தேகம் கொள்ளுவதில்லை.

அவன் மருதமுனையில் தறி நெய்பவன். நூலுக்குச் சாயமும் அவனே போடுவான். அதனால் நகக்கண்ணில் கிழமைக்கு ஒரு நிறம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சைக்கிளில் வந்துவிடுவான். பகல் காட்சி, பிறகு ஆளுக்கொரு பிளேன்டீ, பிறகு படத்தைப் பற்றிச் சண்டை. மற்ற நாட்களில் நான் போவேன். நெசவாளர்கள் பகல் சோற்றுக்கு எழும்பிப் போனதும் தறிக் கொட்டில் எங்களுடையது. அவ்வளவு சத்தமாக இருந்த இடம் சட்டென்று அடங்கிவிடும். அந்த ஒரு மணித்தியாலம் என் கைக்கு வேறு வேலையும் தெரியும் என்று எனக்கே புதினமாக இருக்கும். நான் அவனை நேசித்தேன். மாடு உரிக்கிறவனுக்கும் அதற்கு இந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

எங்களிடம் ஒரு திட்டம் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அரபு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நாங்களும் பாஸ்போட் எடுத்தோம். கொழும்பில் இருந்த ஏஜென்சிக்காரன், இறைச்சி வெட்டுகிறவனுக்கு எந்தத் தேசத்திலும் வேலை உண்டு என்று என்னிடம் சொன்னான். அவனை எனக்கு உதவியாளாக எழுதிக்கொண்டான். ஒரே கடை, ஒரே அறை. "கட்டில் ரெண்டு வேணும்" என்பான் அவன். "ஆக்கள் பாக்கக்குள்ள ரெண்டு கட்டில் இரிக்கோணும்." அந்த இரண்டாவது கட்டிலில் எந்தச் சாமான்களை அடுக்குவது என்பது வரைக்கும் கதைத்து வைத்திருந்தோம்.

வாப்பா அந்தத் திட்டத்தை ஒரே சொல்லில் வெட்டினார். "தங்கச்சிட கலியாணம் முடியாம நீ ஒரு இடமும் போகேலா."

எனக்கு ஒரே தங்கை. எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதற்காக எங்கள் வீட்டு வளவில் அவளுக்குக் கல்வீடு கட்டி, அவள் பெயரில் எழுதி, நாங்களும் அதிலேயே குடியிருந்தோம். மாப்பிள்ளைதான் தேட வேண்டும். அன்று பகல் இறைச்சி கொத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவனே மாப்பிள்ளையாக வந்தால் என்ன? எங்கள் வீட்டிலேயே சாப்பிடுவான், எங்கள் கூரைக்குக் கீழேயே படுப்பான், நான் அவனோடு இருப்பதை ஒருவனும் ஏன் என்று கேட்கமாட்டான். அரபு நாட்டையே வளவுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்து, விரலை வெட்டிக்கொள்ளும் அளவுக்குச் சந்தோஷப்பட்டேன்.

அவனிடம் சொன்னபோது தறியில் இருந்த கை அப்படியே நின்றது.

"அந்தப் புள்ளைய என்ன செய்யிற?" என்றான்.

"நல்லாப் பாத்துக்க. சோறு குடு, உடுப்பு எடுத்துக் குடு."

"மாட்டுக்கும் அதத்தானே குடுக்கிற. அவ மனிசிடா. எனக்கு ஏலா."

நான் அடித்தேன். தறியடியில் கிடந்த பலகைத் துண்டை எடுத்துக் காலில் அடித்தேன். மறுநாளும் போய்க் கேட்டேன், மறுநாளும் ஏலாது என்றான், மறுநாளும் அடித்தேன். மூன்றாம் நாள் என்னைக் கண்டதுமே எழும்பி நின்றான். "சரி, அடிக்காத. நான் முடிக்கன்" என்றான். அதைக் கேட்டு எனக்கு வந்தது வெட்கமில்லை. வெற்றி. இதை எழுதும்போது என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் சீட்டியடித்துக்கொண்டுதான் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

கலியாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் கால் கழுவி உள்ளே எடுப்பது எங்கள் வழக்கம். செம்புத் தண்ணீரோடு குனிந்தேன். சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தினான். முன்னங்காலில் நான் அடித்த இடம் இன்னும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் குரவையிட்டார்கள். நான் அந்தக் காலைக் கழுவித் துடைத்து, கையைப் பிடித்து, என் தங்கையிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று பகல் விருந்து முடிவதற்குள் உம்மா என் பாயையும் தலையணையையும் சுருட்டி வெளியே வைத்துவிட்டார்.

"எங்க உம்மா கொண்டுபோறீங்க?"

"கடைக்கித்தான். புதுமாப்பிள இரிக்கிற ஊட்டுல கொமர் ஆம்புளைக்கு என்ன வேல? தெரியாத ஆள் மாதிரிக் கேக்காய்."

தெரியாதா? வாப்பா மாப்பிள்ளையாக வந்த அன்றைக்கே மாமன்மார் மூன்று பேரும் பாயோடு வெளியேறிய கதையை நான் சிறுவயதில் இருந்து கேட்டு வளர்ந்தவன். தங்கைக்கு மாப்பிள்ளை வந்தால் அண்ணன் போக வேண்டும். ஊரில் எந்த வீட்டிலும் அதுதான் நடக்கிறது. மாப்பிள்ளை வருவதை மட்டும் கணக்கில் எடுத்த எனக்கு, நான் போவேன் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஆசை வந்தால் புத்தி இப்படித்தான் மழுங்கும் போல. இறைச்சிக் கடையில் கொளுக்கிகளுக்குக் கீழே பாயை விரித்தேன். பகல் சோற்றுக்கு மட்டும் வீட்டுக்குப் போவேன். தங்கை எனக்கும் அவனுக்கும் ஒரே சஹன் தட்டில் சோறு வைப்பாள். உம்மா பக்கத்தில் இருப்பார். நாங்கள் மழையைப் பற்றிக் கதைப்போம்.

முதல் மாதம் தங்கை சிரித்துக்கொண்டு திரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குப் போய் அவனை அடித்தேன். "என்ன, ருசி கண்டிட்டியா?" என்று கேட்டு அடித்தேன். பொறாமைதான், வேறு பெயர் இல்லை. நாலாம் மாதம் அவளுடைய சிரிப்பு நின்றது. உம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஓதிப் பார்க்கிறவரிடம் போனார். நூல் கட்டினார்கள், ஓதிய தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். ஒருநாள் உம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துத் தங்கை என்னிடம் கேட்டாள்.

"காக்கா, நீங்கதானே அவர்ர கூட்டாளி. எனக்கிட்ட என்ன கொற எண்டு அவர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. நல்லாத்தான் கதைக்கார். ஆக்கினதத் தின்னுட்டு ருசி எண்டு சொல்றார். மறுகா சுவருப் பக்கம் திரும்பிப் படுத்திர்றார்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு எழும்பி, கழுவாத கையோடு மருதமுனைக்குப் போய், தொழிலாளர்கள் எல்லோரும் பார்க்க அவனை முற்றத்தில் இழுத்துப் போட்டு உதைத்தேன். என் தங்கையை அழ வைக்கிறான் என்று. அதை நம்பித்தான் அடித்தேன், அதுதான் வேடிக்கை. அவன் சொல்லியிருந்தால் ஒரு வசனத்தில் என்னை முடித்திருப்பான். சொல்லவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தான். ஊர் என்னை மெச்சியது. தங்கைக்காக மச்சானையே அடித்தவன் என்று பள்ளிவாசலடியில் முதுகில் தட்டினார்கள். அந்த ஆண்டுக் கலவரத்தில் றோட்டில் டயர் எரிந்தது, கடைகள் எரிந்தன, ஊரடங்கு வந்தது. எங்கள் கடைக் கத்திகளை இரவல் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒருவன் மச்சானை உதைப்பதெல்லாம் யாருக்குப் பெரிது.

அவன் வீட்டுக்குப் போனதும் தங்கை உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து அவனுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். விலா எலும்பில் துணியை வைத்தபோது அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தியேட்டர், தறிக் கொட்டில், பாஸ்போட், பலகைத் துண்டு, எல்லாம். அவள் துணியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் பகல் நான் சோற்றுக்குப் போனேன். உம்மா பக்கத்து வளவில் இருந்தார். தங்கை அடுப்படியில் இருந்து வந்தாள். கையில் ஒரு விறகுக் கட்டை. தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நான் குனிந்தபோது முதுகில். வாப்பாவின் அடியைவிட நோவாக இருந்தது. எனக்குத் தடுக்கத் தெரியாதா? தடுக்கவில்லை.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஊடு வேணுமெண்டா ஊட்டக் கேட்டிருக்கலாமே காக்கா. நான் எழுதித் தந்திருப்பன். என்ன எதுக்கு அதுக்குள்ள போட்டீங்க?"

 

அவள் மூச்சு வாங்கிவிட்டு, பிறகு நிதானமாகச் சொன்னாள். கலியாண வழக்குக் கேட்கும் காதியாரிடம் போய், தனக்கு விருப்பமில்லை என்று சொல்லி அவள் விலகிக்கொள்வாள். குறை யாரில் என்று யார் கேட்டாலும் தன்னில்தான் என்பாள். அவன் அரபு நாட்டுக்குப் போகட்டும். "நீங்க போகப்படாது. அவரோட அந்தப் பிளேன்ல ஏறினீங்கெண்டா நான் பள்ளிவாசலுக்குப் போய் அம்புட்டையும் சொல்லுவன். அந்த மனிசன் இனி அடி வாங்காம இரிக்கட்டும்." பிறகு வளவின் கடப்பு வாசல் வரைக்கும் என் பின்னால் வந்தாள். "இது என்ட வளவு. இஞ்ச இனி வராதீங்க."

அவள் சொன்னபடியே செய்தாள். காதியார் முன்னால் தலையை மூடிக்கொண்டு, குறை தன்னில் என்று மூன்று முறை சொன்னாள். வாப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார். அவன்தான் நடுவில் போய் நின்று அதை வாங்கினான். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு விசா வந்தன. அவன் ஒன்றில் போனான்.

கொழும்பு பஸ் கல்முனை டிப்போவில் இருந்து காலையில் புறப்படும். நான் கடையை விட்டுவிட்டு ஓடினேன். அவன் ஒரு கறுப்புப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வெளியே நின்றான். தனியாக நின்றான். நகத்தில் சாயம் இருக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன், ஆனால் வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வாய் வராது. கட்டிப்பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினேன்.

அவன் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "டேய், டேய், போற மனிசன அடிக்காத" என்று கத்தினார்கள். கொண்டக்டர் எங்களுக்கு நடுவில் வந்து, அவனை ஏற்றி, கதவை அடைத்தான். அவன் யன்னலோரம் இருந்தான். பஸ் திரும்பும் வரைக்கும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.